அப்பாவிக்கு 25 வருடம், கோப்பை மறைத்தவருக்கு 10 நாள்

"நாம ஒழுங்கா இருந்தா கோர்ட்டும் போலீஸும் நம்மை என்ன செய்யும்?" நம் வீடுகளில் நாம் எல்லோரும் கேட்டு வளர்ந்த வசனம். பெரியவர்கள் நமக்குச் சொல்லித் தந்ததிலேயே ஆபத்தான வசனம் இதுதான் என்பேன். கோபப்படாதீர்கள், காரணம் சொல்கிறேன்.

நான் இருப்பது டெக்சஸில், ஆஸ்டினுக்கு வடக்கே வில்லியம்சன் கவுண்டியில். ரவுண்ட் ராக், சீடர் பார்க் என்றால் உங்களில் பலருக்கு ஒரு சித்தப்பாவோ அத்தையோ இங்கே இருப்பார்கள். நல்ல ஸ்கூல், ஐ.டி. வேலை என்று வந்து வீடு வாங்கியவர்கள். இதே கவுண்டியில் 1986 ஆகஸ்டில் கிறிஸ்டின் மார்ட்டன் என்ற பெண் தன் வீட்டிலேயே கொல்லப்பட்டார். கணவர் மைக்கேல் மார்ட்டன் விடியற்காலையிலேயே வேலைக்குப் போயிருந்தார். சூப்பர்மார்க்கெட்டில் வேலை, அதுவரை எந்தக் குற்ற வழக்கும் இல்லாதவர். நம் பெரியவர்கள் சொல்லும் அதே 'ஒழுங்கான' ஆள். 1987-ல் அவருக்கு ஆயுள் தண்டனை.

அரசுத் தரப்பு கோப்பில் என்ன இருந்தது தெரியுமா? அம்மாவை அடித்தது ஒரு 'பூதம்', அப்பா அப்போது வீட்டில் இல்லை என்று அவர்களுடைய மூன்று வயது மகன் பாட்டியிடம் சொன்னது இருந்தது. பாட்டி அதைப் போலீஸிடம் சொன்னது எழுத்திலேயே இருந்தது. வீட்டுக்குப் பின்பக்கம் ஒருவன் பச்சை வேனை நிறுத்திவிட்டு நடமாடினான் என்று அக்கம்பக்கத்தார் சொன்னதும் இருந்தது. எதுவும் மார்ட்டனின் வக்கீல்கள் கைக்குப் போகவில்லை. வழக்கை நடத்தியவர் கவுண்டியின் அரசு வழக்கறிஞர், அதாவது டி.ஏ., கென் ஆண்டர்சன். பின்னாளில் நீதிபதியும் ஆனார்!

வீட்டுக்குப் பின்னால் கிடைத்த ரத்தக்கறைத் துணியை டி.என்.ஏ. சோதனைக்கு அனுப்பும்படி மார்ட்டன் தரப்பு 2005-ல் கேட்டது. அப்போதைய டி.ஏ. ஜான் பிராட்லி வருடக்கணக்கில் எதிர்த்தார். கடைசியில் சோதித்தபோது அதில் கிறிஸ்டினின் ரத்தமும் மார்க் நார்வுட் என்பவனின் டி.என்.ஏ.வும் இருந்தன. 2011 அக்டோபரில் மார்ட்டன் வெளியே வந்தார். இதற்கிடையில், 1988-ல், ஆஸ்டினில் இன்னொரு பெண்ணும் கொல்லப்பட்டிருந்தார். அதுவும் நார்வுட்தான் என்று 2016-ல் தீர்ப்பானது. கோப்பை மறைத்ததற்கு விலை கொடுத்தது மார்ட்டன் மட்டுமில்லை.

ஆண்டர்சனுக்குக் கிடைத்தது 2013-ல் 10 நாள் சிறை, 500 டாலர் அபராதம், 500 மணி நேர சமூக சேவை. வக்கீல் லைசன்ஸையும் விட்டுக்கொடுத்தார். அந்த 10 நாளைக்கூட முழுசாக உள்ளே கழிக்கவில்லை.

"லஞ்சம் வாங்கலையே, இது எப்படி ஊழல்?" என்று நண்பர் ஒருவர் கேட்டார். லஞ்சம் வாங்கிய டி.ஏ.வும் டெக்சஸில் உண்டு. கேமரன் கவுண்டியின் அர்மாண்டோ வில்லலோபோஸுக்கு 2014-ல் 13 வருடம் கிடைத்தது. பணம் கை மாறினால் ஒரு தடயமாவது மிஞ்சும். மறைத்த காகிதம் அப்படி இல்லை, பாதிக்கப்பட்டவனுக்கே அது இருப்பது தெரியாது. மக்கள் கொடுத்த அதிகாரத்தைத் தன் வெற்றிக் கணக்குக்குப் பயன்படுத்துவதற்கு ஊழல் என்பதைத் தவிர எனக்கு வேறு பெயர் தெரியவில்லை.

என் வேலையில் ஒரு சர்வரில் சின்ன மாற்றம் செய்யவே இன்னொருவர் ஒப்புதல் வேண்டும். லாகை அழித்தால் வேலை போய்விடும். ஆனால் ஒருவரின் ஆயுளையே கையில் வைத்திருக்கும் டி.ஏ., வழக்கு நடத்தும்போது செய்ததற்காக அவரிடம் நஷ்டஈடு கேட்க முடியாது என்று உச்ச நீதிமன்றம் 1976-லேயே சொல்லிவிட்டது. சரி, அவருடைய அலுவலகத்தைக் கேட்கலாமா? லூசியானாவில் ஜான் தாம்ப்சன் கேட்டார். ரத்தப் பரிசோதனை அறிக்கையை மறைத்ததால் 18 வருடம் சிறை, அதில் 14 வருடம் மரண தண்டனைக் கைதியாக. ஜூரி கொடுத்த 1.4 கோடி டாலரை 2011-ல் ஐந்துக்கு நாலு என்று உச்ச நீதிமன்றம் தட்டிப் பறித்தது.

டெக்சஸில் 2013-ல் மார்ட்டன் பெயரிலேயே சட்டம் வந்தது. போலீஸ் அறிக்கைகளையும் சாட்சி வாக்குமூலங்களையும் எதிர்த்தரப்புக்குத் தர வேண்டும். நல்ல சட்டம்தான். ஆனால் கோப்பைத் திறக்க வேண்டிய கை அதே டி.ஏ.வின் கைதான்.

அதனால் மிஞ்சுவது ஓட்டு. ஊரில் அரசு வழக்கறிஞரை அரசாங்கம் நியமிக்கும், இங்கே பெரும்பாலான மாநிலங்களில் நாம் தேர்ந்தெடுக்கிறோம். பிராட்லியை 2012 முதன்மைத் தேர்தலில் எங்கள் கவுண்டி வீட்டுக்கு அனுப்பியது. அடுத்து வந்த ஜானா டூட்டியை நீதிமன்ற அவமதிப்புக் குற்றவாளி என்று 2015-ல் ஒரு நீதிபதி சொன்னார், 2016-ல் அவரும் போனார். ஒருமுறை துரத்தினால் போதாது என்பதற்கு இது சாட்சி.

டெக்சஸில் கட்சி மொத்தத்துக்கும் ஒரே டிக் போடும் வசதி 2020-லிருந்து கிடையாது. கீழேவரை போய் ஒவ்வொரு பெயராகத் தேர்ந்தெடுக்க வேண்டும். 18 ஆனவர்கள் முதன்மைத் தேர்தலுக்கே போங்கள், பல கவுண்டிகளில் அங்கேயே முடிவாகிவிடும். ஆகாதவர்கள் அம்மா அப்பாவுக்கு வாக்குச்சீட்டைக் கடைசி வரி வரை படித்துக் காட்டுங்கள். டி.ஏ. வேட்பாளர் உங்கள் ஏரியாவுக்கு ஓட்டுக் கேட்டு வந்தால், சமோசா கொடுத்து போட்டோ எடுப்பதற்கு முன்னால் ஒரே ஒரு கேள்வி: உங்கள் ஆபீசில் ஒருவர் சாட்சியத்தை மறைத்தது தெரிந்தால், மறுநாள் காலையில் அவருக்கு அங்கே வேலை இருக்குமா?