கடைந்தெடுத்த கனல்

யக்ஷப் பிரச்னத்தைக் கேட்டறியாத அன்பர்கள் குறைவு. தருமபுத்திரர் அளித்த விடைகளைக் கதாகாலட்சேபங்களில் எத்தனையோ முறை செவிமடுத்திருப்போம். ஆயினும் பாண்டவர்கள் அந்தப் பொய்கைக்கரைக்கு எதன் பொருட்டுச் சென்றார்கள் என்பதைப் பலரும் நினைவிற் கொள்வதில்லை. வனவாசத்தின் இறுதியில் அவர்கள் துவைதவனத்தில் இருந்தபோது, அங்கே வாழ்ந்த அந்தணர் ஒருவர் தம்முடைய அரணிக்கட்டைகளை ஒரு மரத்தில் மாட்டி வைத்திருந்தார். அம்மரத்தில் உடலை உராய்ந்த மான் ஒன்றின் கொம்பில் அவை சிக்கிக்கொண்டன. மான் மிரண்டு ஓடிவிட்டது. தம் அக்னிஹோத்திரம் தடைப்படுமே என்று அந்தணர் பதறி முறையிட, ஐவரும் வில்லேந்தி மானைத் தொடர்ந்தனர். மான் அகப்படவில்லை, தாகம் வாட்டியது, நகுலன் நீர் தேடிச் சென்றான். பின்னர் நடந்தவை நாம் அறிந்தவையே. தம்பியர் அனைவரும் உயிர்பெற்று எழுந்த பிறகு, வரம் கேள் என்ற தருமதேவதையிடம் யுதிஷ்டிரர் முதலிற் கேட்டது அந்த அரணியைத்தான். நாடு அவர் நினைவுக்கு வரவில்லை. வனபர்வத்தின் அந்தப் பகுதிக்கு ஆரணேய பர்வம் என்றே பெயர்.

இரண்டு மரத்துண்டுகள், அவ்வளவே. அவற்றின் பெருமையை அறிய அவை பிறந்த கதைக்குச் செல்லவேண்டும். ஊர்வசியைப் பிரிந்து வருந்திய புரூரவ மன்னனுக்குக் கந்தர்வர்கள் ஒரு பாத்திரத்தில் அக்னியை அளித்தார்கள். அதனைக் காட்டில் வைத்துவிட்டு அரண்மனை சென்று திரும்பியபோது அக்னியைக் காணவில்லை. தீ இருந்த இடத்தில் அரசமரமும், பாத்திரம் இருந்த இடத்தில் வன்னிமரமும் நின்றன. அம்மரத்தின் கட்டைகளைக் கடைந்து தீயை மீட்டான் மன்னன் என்கின்றன வேத நூல்களும் புராணங்களும். இதனாலேயே வன்னியின்மேல் வேர்பிடித்து வளர்ந்த அரசமரமே அரணிக்கு உகந்ததென்று முன்னோர் கொண்டனர். அதற்குச் சமீகர்ப்பம் என்று பெயர். அக்னிபகவான் ஒருமுறை வன்னிக்குள் ஒளிந்திருந்தார் என்று மகாபாரதமும் கூறுகிறது. விருத்தாசலத்தில் தலவிருட்சமாகிய வன்னியை வலம் வரும்போது இக்கதையையும் எண்ணிக்கொள்ளலாம். தசமூலத்தில் ஒன்றான முன்னைக்கு வடமொழியில் அக்னிமந்தம் என்று பெயர். தீயைக் கடைவது என்பது அதன் பொருள். தசமூலாரிஷ்டம் அருந்தும் நம்மில் எத்தனை பேர் இதனை அறிவோம்!

கடையும் முறையைச் சற்று விரிவாகவே கூற விரும்புகிறேன். கீழே கிடக்கும் பலகை அதராரணி. அதில் ஒரு சிறு குழி. மேலரணியாகிய உத்தராரணியிலிருந்து வெட்டிய சிறு துண்டை ஒரு கடைகோலின் அடியிற் பொருத்திக் குழியில் நிறுத்துவார்கள். கோலின் தலையை ஒரு குறுக்குக்கட்டையால் ஒருவர் அழுத்திப் பிடிக்க, கோலிற் சுற்றிய கயிற்றை மற்றொருவர் இரு கைகளாலும் மாறி மாறி இழுப்பார். மோர் கடைவதைக் கண்டவர்களுக்கு இது புதிதன்று. கயிற்றுக்கு நேத்திரம் என்று பெயர். பாற்கடலைக் கடைந்தபோது வாசுகிக்கு வாய்த்த பெயரும் அதுவே.

தொடக்கத்தில் மெல்லத்தான் இழுக்கவேண்டும். எடுத்த எடுப்பிலேயே விரைந்தால் கை சோர்ந்துபோகும். கனல் பிறக்கவேண்டிய நேரத்தில் வலு இருக்காது. குழியும் கோல்முனையும் ஒன்றுக்கொன்று படிந்த பின்னரே அழுத்தத்தையும் விரைவையும் கூட்டவேண்டும். முதலில் பழுப்புநிறத் தூள் உதிரும். பின்னர் அது கறுக்கும். மெல்லிய புகை எழும். புகையைக் கண்டதும் தீ வந்துவிட்டதென்று எண்ணுவோர் ஏமாறுவர். கயிற்றை நிறுத்திய பின்னும் கருந்தூட்குவியல் தானே புகைந்துகொண்டிருக்குமாயின், அப்போதுதான் உள்ளே கனல் பிறந்திருக்கிறது. அதைத் தேங்காய்நாரிலோ பஞ்சிலோ தாங்கி, குழந்தையின் முகத்தில் ஊதுவதுபோல் ஊதவேண்டும். வேகமாக ஊதினால் தூள் சிதறும். அத்தனை உழைப்பும் வீணாகும். கட்டையில் ஈரம் சிறிதளவு இருந்தாலும் வெப்பம் முழுவதும் அதனை உலர்த்துவதிலேயே செலவாகிவிடும். மழைக்காலத்தில் அரணி படுத்தும் பாட்டை வைதிகர்களைக் கேட்டால் கதைகதையாகச் சொல்வார்கள்.

ரிக்வேத ரிஷிகள் அக்னியை வலிமையின் மகன் என்று அழைத்தார்கள். தோள்வலியாற் பிறப்பதனால் அப்பெயர் எத்தனை பொருத்தம்! கடைகின்ற பத்து விரல்களையும் பத்துக் கன்னியராகக் கண்டார்கள். சுவேதாசுவதர உபநிடதம் நம் உடலையே கீழரணியாகவும் பிரணவத்தை மேலரணியாகவும் கொண்டு தியானத்தாற் கடையச் சொல்கிறது. நம் அப்பர் பெருமானும் விறகில் மறைந்துறையும் தீயாக இறைவனைப் பாடியிருக்கிறார். ஐந்தாந் திருமுறையின் அப்பாடல் பெரியோர் பலருக்கு மனப்பாடம். அதில் வரும் கோலும் கயிறும் கடைதலும் அக்காலத்து அன்பர்கள் கண்ணாற் கண்ட பொருள்கள். இன்று பாடல் மட்டும் நம் நாவில் இருக்கிறது.

இக்கருவி வேள்விச்சாலைக்கு மட்டுமே உரியதாக இருந்ததில்லை. சங்கத் தமிழில் இதற்கு ஞெலிகோல் என்று பெயர். வீட்டின் இறப்பில் செருகியிருக்கும் ஞெலிகோலை அதியமான் நெடுமான் அஞ்சிக்கு உவமையாக்கினார் ஒளவையார். வேண்டியபோது தீயைத் தரும். மற்ற வேளையில் இருப்பதே தெரியாது. பெரும்பாணாற்றுப்படையில் இடையன் ஒருவன் கைவருந்திக் கடைந்தெடுத்த தீக்கொள்ளியால் மூங்கிலில் துளையிட்டுக் குழல் செய்கிறான். நீலகிரித் தோதவர்கள் தங்கள் புனிதப் பால்மனைகளுக்குரிய தீயை உராய்ந்தே உண்டாக்கியதை 1906இல் வெளிவந்த தம் நூலில் ரிவர்ஸ் என்னும் ஆங்கில ஆய்வாளர் எழுதியிருக்கிறார். தீக்குச்சி வந்தபின்னும் தெய்வத்துக்குரிய தீ மட்டும் பழைய முறையிலேயே பிறந்தது.

தீக்குச்சியை நான் குறைகூறவில்லை. 1920களில் சிவகாசியிலிருந்து அய்ய நாடாரும் சண்முக நாடாரும் கல்கத்தா சென்று அத்தொழிலைக் கற்றுவந்தபின், வறண்ட பூமியில் எத்தனை குடும்பங்களின் அடுப்பு எரிந்தது! ஆனால் இறப்பிலிருந்த ஞெலிகோல் மறைந்துவிட்டது. அக்கலையை இன்று காத்து நிற்பவை பெரும்பாலும் வேள்விகளே. 1975 ஏப்ரலில் கேரளத்தின் பாஞ்ஞாள் கிராமத்தில் நம்பூதிரிகள் 12 நாள் அதிராத்திரம் நிகழ்த்தியபோது, பறவை வடிவில் வேதியைச் செங்கற்களால் அடுக்கினர். அக்னியை அரணியிற் கடைந்தனர். ஃபிரிட்ஸ் ஸ்டால் என்னும் அறிஞர் அதனைப் பதிவுசெய்து 1983இல் இரு பெருந்தொகுதிகளாக வெளியிட்டார்.

அக்னிஹோத்திரிகளின் வாழ்வில் அரணிக்குள்ள இடம் மனத்தை உருக்குவது. மனைவியின்றி அக்னியை ஏற்க இயலாது. நெடும்பயணம் போகும்போது, எரியும் தீயில் அரணிகளைக் காய்ச்சி, மந்திரத்தால் அக்னியை அவற்றுள் ஏற்றி எடுத்துச் செல்வார்கள். சேர்ந்த இடத்தில் கடைந்து மீண்டும் எழுப்புவார்கள். தம்பதியரில் யார் முன்னே மறைகிறாரோ, அவரது சிதைக்கு அந்த அக்னியே சேர்கிறது. கணவர் மறைந்தால் அவர் ஆயுள் முழுதும் கையாண்ட வேள்விக் கருவிகளும் உடலோடு எரிக்கப்படுகின்றன. பின்னே இருப்பவரின் இல்லத்தில் அந்த மூலை வெறிச்சோடிவிடும்.

நம் ஆலயங்களுக்கு வருவோம். கும்பாபிஷேக யாகசாலைகள் சிலவற்றில் அரணி கடைவதை அன்பர்கள் கண்டிருக்கக்கூடும். சூரியகாந்தக் கல்லால் கதிரவனிடமிருந்து அக்னியைப் பெறுவதும் ஆகம வழக்கே. அண்மையில் ஓர் ஆலயத்தில் அரணி கடையக் கண்டேன். முந்தைய இரவு மழை பெய்திருந்தது. சிவாசாரியர் இருவர் வியர்வை வழியக் கயிற்றை இழுத்துக்கொண்டிருந்தனர். புகை எழுவதும் அடங்குவதுமாக இருந்தது. ஒலிபெருக்கியில் அடுத்த நிகழ்ச்சியை அறிவித்துவிட்டார்கள். முக்கிய விருந்தினர் வந்துவிட்டாராம். கூட்டத்திலிருந்து ஒருவர் கற்பூரத்தையும் தீப்பெட்டியையும் நீட்டினார். மூத்த சிவாசாரியர் தலையசைத்து மறுத்துவிட்டுத் தொடர்ந்து இழுத்தார். கனல் பிறக்க மேலும் அரைமணி நேரம் ஆயிற்று. அதற்குள் கூட்டத்திற் பாதி அன்னதானப் பந்திக்குச் சென்றுவிட்டது. இருந்தவர்களில் பெரும்பாலோர் கைபேசியை உயர்த்திப் பிடித்திருந்தனர். வயதில் மூத்த அம்மையார் ஒருவர் மட்டும் கையைக் கூப்பியபடி, தூள் கறுப்பதையே இமைக்காமல் பார்த்துக்கொண்டிருந்தார்.

அந்த மூத்தவருக்குப் பின் அருகில் நின்ற இளைஞர் இழுப்பார். அவருக்கு அப்பயிற்சி வாய்க்கவேண்டுமானால், கடைவதற்கு நேரம் வேண்டும். தவறி மீண்டும் தொடங்க இடமும் வேண்டும். நிகழ்ச்சி நிரலில் கால்மணி நேரம் ஒதுக்கினால், கற்பூரமே வெல்லும். திருப்பணிக் குழுக்களில் இருக்கும் பெரியோர்கள் இதனைச் சற்று எண்ணிப்பார்க்க வேண்டுகிறேன். அரணி கடையும் வேளையில் வேறு எதையும் வைக்காதிருக்கலாம். விருந்தினர் மறுநாள் வரலாம்.

பேரக்குழந்தைகளுடன் யாகசாலைக்குச் செல்லும் அன்பர்கள் பூர்ணாஹுதிக்கு மட்டும் போகாமல், அக்னி பிறக்கும் வேளையை முன்கூட்டியே விசாரித்துச் சென்று, குழந்தையைக் கயிறு தெரியும்படி முன்னே உட்காரவைக்கவேண்டும். முதலில் பழுப்பு, பிறகு கறுப்பு, அதன்பின் புகை என்று காதோடு சொல்லிக்கொடுத்தால் போதும். கயிறு நின்றபின்னும் புகை நிற்கிறதா என்பதைக் குழந்தையே பார்த்துச் சொல்லிவிடும்.