கோடு போட நாம், விசில் ஊத யார்?

பொங்கல் வந்துவிட்டால் செந்துறை வட்டாரத்தில் கபடிக்கும் கைப்பந்துக்கும் பஞ்சமில்லை. முந்திரித் தோப்போரத் திடலில் நம் பிள்ளைகள் விடியும் முன்பே போய்க் கருவேல முள்ளை வெட்டி ஒதுக்குவார்கள். தண்ணீர் தெளித்துச் சுண்ணாம்பில் கோடு போடுவார்கள். மாலையில் ஆட்டம் தொடங்கும்போது விசில் ஒருவர் கையில் இருக்கும், மைக் இன்னொருவர் கையில் இருக்கும், நுழைவுக் கட்டணமும் பரிசுப் பணமும் மூன்றாமவர் பையில் இருக்கும். பெரும்பாலும் மூவருமே ஊர்த்தெருக்காரர்கள்.

சில ஆண்டுகளுக்கு முன் இப்படி ஒரு திடலில் நாம் நின்றிருந்தோம். கபடி விதிகளை முழுதாகப் படித்து வைத்திருந்த நம் தெரு மாணவன் ஒருவன், "ஒரு ஆட்டத்துக்காவது நான் நடுவரா நிக்கிறேண்ணே" என்று கேட்டான். "நீங்க ஆடுங்கப்பா, நடத்துறத நாங்க பாத்துக்கிறோம்" என்றார் விழாக் குழுக்காரர். அவர் குரலில் கோபமில்லை, வசையுமில்லை. சிரித்துக்கொண்டேதான் சொன்னார். பையன் தலையைக் குனிந்துகொண்டு கோட்டுக்குள் போய்விட்டான். அந்தச் சிரிப்பைத்தான் நம்மால் இன்னும் மறக்க முடியவில்லை.

அது இன்று நேற்றுப் பிறந்த பேச்சல்ல. நூறாண்டுக்கு முன் பம்பாய்க் கிரிக்கெட்டிலும் அதே நிலைதான். தீண்டப்படாத சாதியில் பிறந்த பல்வங்கர் பாலு புனாவில் வெள்ளைக்காரர் மைதானத்தைச் சீர்செய்யும் வேலையில் இருந்தார். அவர்களுக்குப் பந்து வீசி வீசியே தேர்ந்தார். 1911-இல் இங்கிலாந்து சென்ற இந்திய அணிக்காக 114 விக்கெட் எடுத்தார். அவர் வீசிய பந்தைக் கையில் பிடித்த சக ஆட்டக்காரர்கள், தேநீர் இடைவேளையில் அவருக்கு மட்டும் வெளியே மண்குவளையில் கொடுத்தார்கள். இந்துக்கள் அணியின் தலைவர் பதவி கடைசிவரை அவருக்குத் தரப்படவில்லை. 1920-இல் அவரை அணியிலிருந்தே விட்டபோது தம்பிகள் விட்டலும் சிவராமும் ஆட மறுத்து வெளியேறினர். எதிர்ப்பு வலுத்த பிறகே பாலு துணைத்தலைவர் ஆனார். 1923-இல் விட்டல் அணித்தலைவர் ஆனார். பதவி திறமைக்காகத் தானாக வந்துவிடவில்லை. ஆட மாட்டோம் என்று இருவர் சொன்னதற்குப் பிறகே கதவு அசைந்தது.

"விளையாட்டில் போய் அரசியலா?" என்று சிலர் கேட்கக்கூடும். தலைமை என்பது மேடையில் பிறப்பதில்லை என்பதே நம் பதில். பத்துப் பேருக்கு ஒரே பந்து இருக்கும்போது யார் முதலில் ஆடுவது என்று முடிவெடுக்க வேண்டும். தோற்றவன் சட்டையைப் பிடிக்கும்போது விலக்கிவிட வேண்டும். இருநூறு ரூபாய் வசூலுக்குக் கணக்கு எழுதி எல்லோர் முன்னும் வாசிக்க வேண்டும். மைக்கைப் பிடித்து நாக்குழறாமல் நாலு வார்த்தை பேச வேண்டும். பதினாறு வயதில் இதையெல்லாம் பழகியவர் முப்பது வயதில் ஊராட்சிக் கூட்டத்தில் எழுந்து நின்று கேள்வி கேட்பார். பழகாதவர் தனித்தொகுதியில் வென்று வந்தாலும், தலைவர் நாற்காலியில் தான் உட்கார்ந்துகொண்டு கையெழுத்தை இன்னொருவரிடம் விட்டுவிடும் நிலைக்குத் தள்ளப்படுகிறார். இது நாம் கண்ணால் கண்ட உண்மை.

ஆடுவதற்கு இந்த மாவட்டத்தில் ஆளில்லாமல் இல்லை. அரியலூரின் கார்த்தி செல்வம் இந்திய ஹாக்கி அணி வரை போயிருக்கிறார். பொருளும் இல்லாமல் இல்லை. 2024-இல் தொடங்கிய கலைஞர் விளையாட்டு உபகரணத் திட்டத்தில் கிராம ஊராட்சிகளுக்கு 33 வகைப் பொருள்கள் வழங்கப்பட்டன. அவை வைத்திருக்கும் அறையின் சாவி யாரிடம் இருக்கிறது என்பதே நம் கேள்வி. காலனிப் பிள்ளைகள் போய்க் கேட்டால் "அப்புறம் வா" என்று சொல்லும் ஊர்களில், வந்த பந்து யாருக்கு வந்தது?

பொதுத் திடல் யார் வீட்டுச் சொத்தும் அல்ல. அரசுப் பணத்தில் பராமரிக்கப்படும் பொது இடங்களையும், பொதுப் பொழுதுபோக்கு இடங்களையும் சாதியின் பேரால் யாருக்கும் மறுக்கக் கூடாது என்று அரசமைப்புச் சட்டத்தின் 15-ஆம் பிரிவு சொல்கிறது. பொது இடத்தைப் பயன்படுத்த விடாமல் தடுப்பது வன்கொடுமைத் தடுப்புச் சட்டத்தின்படி குற்றம். திடலுக்குள் நுழையச் சட்டம் இருக்கிறது. விசிலைக் கையில் வாங்கும் வழியை நாம்தான் தேட வேண்டும்.

முதலில் நம் தெருவிலேயே தொடங்குவோம். நன்றாக ஆடுகிறவனே என்றைக்கும் தலைவன் என்ற பழக்கத்தை விடுவோம். மாதம் ஒருவர் தலைவர், ஒருவர் நடுவர், ஒருவர் கணக்கர் என்று முறைவைத்து மாற்றுவோம். ஒரு கபடிப் போட்டிக்கு நடுவர், துணை நடுவர்கள், புள்ளி எழுதுவோர் என ஆறு பேர் வேண்டும். ஆட உடம்பு ஒத்துழைக்காத பிள்ளைக்கும் அங்கே இடமுண்டு. கபடிச் சங்கங்கள் நடுவர் தேர்வு நடத்துகின்றன. பள்ளி உடற்கல்வி ஆசிரியரிடம் கேட்டு நம் கல்லூரி மாணவர்கள் அதை எழுத வேண்டும். சான்றிதழ் கையில் இருப்பவரைப் பார்த்து "நீ ஆடு போதும்" என்று சொல்வது அவ்வளவு எளிதல்ல.

இன்னொன்றையும் சொல்லாமல் விட்டால் நாம் நேர்மையற்றவர்கள் ஆவோம். ஊர்த்தெரு நமக்குச் செய்வதை நாம் நம் பெண் பிள்ளைகளுக்குச் செய்கிறோம். வயதுக்கு வந்ததும் திடல் அவர்களுக்கு மூடிவிடுகிறது. பெண்கள் கபடிக்கு 12 மீட்டர் நீளமும் 8 மீட்டர் அகலமும் போதும். நம் தெருவில் அந்த இடமா இல்லை? அக்காள் நடுவராக நிற்கும் ஆட்டத்தைத் தம்பிகள் ஆடிப் பழகட்டும்.

அடுத்த கிராம சபையில் மாணவர்கள் இரண்டு கேள்விகளை எழுத்தில் கொடுங்கள். நம் ஊராட்சிக்கு வந்த விளையாட்டுப் பொருள்களின் பட்டியல் எங்கே? விழாக் குழுவில் காலனியிலிருந்து எத்தனை பேர், அதில் பெண்கள் எத்தனை பேர்? கேள்வி தீர்மானப் புத்தகத்தில் ஏறும்வரை உட்கார்ந்திருங்கள்.

வரும் பொங்கலுக்கும் நம் பிள்ளைகள் முள் வெட்டுவார்கள், கோடு போடுவார்கள். போடட்டும், அது நம் திடல்தான். ஆனால் கோடு போட்ட கைக்கே அன்று மாலை விசிலும் வர வேண்டும். வராத திடலில் ஆடுவதா வேண்டாமா என்பதை நூறாண்டுக்கு முன்பே இரண்டு தம்பிகள் நமக்குக் காட்டிவிட்டார்கள்.