கூடைப்பந்துக்கும் ஒரு மூச்சுக்கணக்கு வேண்டும்

பந்து தன் கைக்கு வந்துவிட்டது என்பதற்காக, ஓர் அணி அதை எவ்வளவு நேரம் வேண்டுமானாலும் வைத்துக்கொள்ளலாமா? விளையாட்டு மைதானத்தின் பக்கமே வராதவர்களுக்கு இது அற்பமான கேள்வியாகத் தோன்றலாம். கூடைப்பந்து ஆடும் எங்களுக்கோ, இது ஓர் ஆண்டுப் பயிற்சியின் பலனையே தீர்மானிக்கும் கேள்வி.

விதிப்புத்தகத்தில் விடை தெளிவாகவே இருக்கிறது. பந்தைப் பெற்ற அணி 24 விநாடிக்குள் கூடையை நோக்கி எறிய வேண்டும். அந்தப் பந்து வளையத்தையாவது தொட வேண்டும். தவறினால் பந்து எதிரணிக்கு. பெரிய போட்டிகளில் கூடைக்கு மேலே சிவப்பு எழுத்தில் ஓடுகிறதே, அந்த ஷாட் கிளாக் இதற்காகத்தான். ஆனால் நான் ஆடியும் பார்த்தும் அறிந்த குறுவட்டப் போட்டிகளில் மேசை மேல் இருப்பவை ஒரு புள்ளித்தாள், ஒரு ஸ்டாப் வாட்ச், ஒரு தண்ணீர்ப் பாட்டில். அந்த ஒரு கடிகாரம் முழு ஆட்டத்தின் நேரத்தைக் காட்டும். 24 விநாடியை எண்ணுவதற்கு ஆள் கிடையாது. ஆகவே விதி புத்தகத்தில் உறங்குகிறது. களத்தில் நடப்பது வேறு.

என்ன நடக்கிறது? இரண்டு புள்ளி முன்னே இருக்கும் அணி, கடைசி ஐந்து நிமிடத்தில் கூடையை மறந்துவிடுகிறது. ஒருத்தி மற்றவளுக்கு, அவள் மூன்றாமவளுக்கு, மறுபடி முதலாமவளுக்கு என்று பந்து சுற்றிச் சுற்றி வருகிறது. எதிரணி மூச்சிரைக்க ஓடுகிறது. வெளியே நிற்கும் சிஸ்டர்மார் முதல் ஆறாம் வகுப்புக் குழந்தைகள் வரை "போடு, போடு" என்று கத்துகிறார்கள். யாரும் போடுவதில்லை. ஒரு போட்டியில் எங்கள் அணி இப்படித்தான் கடைசி நான்கு நிமிடமும் பந்தைத் தொடாமலே தோற்று வந்தது. எதிரணி செய்தது எண்ணப்படாத ஒரு விதியைப் பயன்படுத்திக்கொண்டதே தவிர ஏமாற்று அன்று. அவர்களைக் குறை கூறுவது என் நோக்கமும் அன்று.

இந்த நோய் புதிதும் அன்று. 1891 டிசம்பரில் அமெரிக்காவின் ஸ்பிரிங்பீல்டு நகரில், ஒய்.எம்.சி.ஏ. பயிற்சிப் பள்ளியில், இறையியல் பயின்றவரான ஜேம்ஸ் நெய்ஸ்மித் இரண்டு பீச் பழக்கூடைகளைச் சுவரில் மாட்டி இந்த விளையாட்டைத் தொடங்கினார். அவர் எழுதிய 13 விதிகளிலேயே, கோட்டுக்கு வெளியிலிருந்து பந்தை உள்ளே எறிபவருக்கு ஐந்து விநாடிதான் அவகாசம். எந்த அணியாவது தொடர்ந்து ஆட்டத்தைத் தாமதப்படுத்தினால் அது பவுல். பிறந்த அன்றே இந்தப் பிள்ளைக்கு நேரம் தவறாமையைக் கற்றுக்கொடுத்திருக்கிறார் அன்றோ! அதே ஸ்பிரிங்பீல்டில் பயின்ற ஹாரி குரோ பக் என்பவர்தான் 1920-இல் சென்னையில் ஒய்.எம்.சி.ஏ. உடற்கல்விக் கல்லூரியைத் தொடங்கினார். நம் மாநிலத்தின் எத்தனையோ உடற்கல்வி ஆசிரியர்கள் அங்கே பயின்று வந்தவர்கள்.

ஆனால் பின்னாளில் பெரியவர்களே அதை மறந்தார்கள். 1950 நவம்பர் 22-ஆம் நாள் அமெரிக்கத் தொழில்முறைப் போட்டி ஒன்றில் போர்ட் வெய்ன் அணி மினியாபோலிஸ் அணியை 19–18 என்று வென்றது. பள்ளிச் சிறுமியர் ஆட்டத்தின் புள்ளி போல இருக்கிறது அல்லவா? மினியாபோலிஸ் அணியில் ஜார்ஜ் மைக்கன் என்ற நெடியவர் இருந்தார். அந்த 18 புள்ளியில் 15 அவருடையது. அவரிடம் பந்து போய்விடக் கூடாது என்று எதிரணி பந்தைக் கட்டியணைத்துக்கொண்டு நேரத்தைக் கடத்தியது. காசு கொடுத்து வந்தவர்கள் கோபத்தோடு வீடு திரும்பினர்.

மருந்து 1954-இல் வந்தது. சிரக்யூஸ் அணியின் உரிமையாளர் டேனி பயசோன் ஒரு எளிய கணக்குப் போட்டார். ஆட்டம் 48 நிமிடம், அதாவது 2880 விநாடி. விறுவிறுப்பான ஓர் ஆட்டத்தில் இரு அணிகளும் சேர்ந்து ஏறக்குறைய 120 முறை எறிகின்றன. 2880-ஐ 120-ஆல் வகுத்தால் 24. ஐந்தாம் வகுப்புக் கணக்கு! கடிகாரம் இல்லாத கடைசி ஆண்டில் ஓர் அணி ஓர் ஆட்டத்துக்குச் சராசரியாக 79.5 புள்ளி எடுத்தது. கடிகாரம் வந்த முதல் ஆண்டிலேயே அது 93.1 ஆயிற்று. அந்த ஆண்டுக் கோப்பையும் சிரக்யூஸ் அணிக்கே போயிற்று என்பது ஒரு வேடிக்கை. பன்னாட்டுச் சம்மேளனம் 1956-இல் 30 விநாடி என்று வைத்து, 2000-இல் அதை 24 ஆகக் குறைத்தது. அமெரிக்க உயர்நிலைப் பள்ளிகளோ நெடுங்காலம் தயங்கின. 2022–23 பருவம் முதல் விரும்பும் மாநிலங்கள் 35 விநாடிக் கடிகாரம் வைத்துக்கொள்ளலாம் என்று அவற்றின் கூட்டமைப்பு இசைவு தந்தது. வசதி மிகுந்த நாட்டிலேயே இத்தனை தயக்கம் என்றால், நம் தயக்கத்தைக் கண்டு வெட்கப்பட வேண்டியதில்லை.

"பெண் பிள்ளைகளுக்கு எதற்கு இந்த அவசரம்? பதறிப்போய்க் கண்டபடி எறிவார்கள்" என்று ஒரு குரல் கேட்கிறது. அதை நான் அடியோடு மறுக்கிறேன். 1890-களில் ஸ்மித் கல்லூரியில் செண்டா பெரன்சன் அம்மையார் பெண்களுக்கென விதிகளை மாற்றியமைத்தபோது, களத்தை மூன்றாகப் பிரித்தார். பந்தைப் பறிக்கக் கூடாது என்றார். பந்தை மூன்று விநாடிக்கு மேல் கையில் வைத்திருக்கவும் கூடாது என்றார். அமெரிக்கக் கல்லூரிப் பெண்கள் 1970-களின் தொடக்கத்திலேயே 30 விநாடிக் கடிகாரத்தோடு ஆடினார்கள். ஆடவர் கல்லூரிகள் முழுமைக்கும் அது வந்தது 1985–86-இல்தான். 1976-இல் மொன்றியலில் பெண்கள் கூடைப்பந்து முதன்முதலாக ஒலிம்பிக்கில் இடம்பெற்றபோதும் 30 விநாடி எண்ணப்பட்டது. அவ்வளவு தூரம் போவானேன்? நம் எறிபந்தில் பிடித்த பந்தை மூன்று விநாடிக்குள் எறிகிறோமே, யார் பதறினோம்? சென்னையில் வளர்ந்து இந்திய அணிக்குத் தலைமை ஏற்று, 2021-இல் பத்மஸ்ரீ விருது பெற்ற அனிதா பால்துரை ஆடிய பன்னாட்டு ஆட்டங்கள் எல்லாம் கடிகாரத்தின் கண் முன்னே ஆடியவைதாம். குறுவட்டத்தில் எண்ணாமலே வளர்ந்த பெண், மாநில அளவில் திடீரென்று அந்தச் சிவப்பு எழுத்தைக் கண்டால் மருளாமல் என்ன செய்வாள்?

நம் மண்ணுக்கு இது அந்நியமும் அன்று. சடுகுடு பாடிச் செல்பவனுக்கு மூச்சுதான் கடிகாரம். மூச்சு விட்டால் ஆட்டம் போயிற்று. இன்று தொழில்முறைக் கபடியில் மூச்சைக் கண்டுபிடிப்பது கடினம் என்று ஒரு பாட்டுக்கு 30 விநாடி வைத்திருக்கிறார்கள். நம் கடற்கரையில் 1961 வரை நடந்த முத்துச் சலாபத்தில், கல்லைக் காலில் இட்டுக் கயிற்றோடு இறங்கியவர் ஏறக்குறைய ஒரு நிமிடத்துக்குள் கைக்குக் கிடைத்த சிப்பியை அள்ளி மேலே வந்தாக வேண்டும். அடியில் நின்று யோசிக்க அவருக்கு நேரம் ஏது?

இதைச் சொன்னபோது என் தாத்தா சிரித்தார். "வள்ளம் தள்ளுகிறவன் அலை பார்த்துக் காத்து நிற்கிறானே, அவன் சோம்பேறியா?" என்று கேட்டார். நல்ல கேள்வி. ஆனால் அவர் காத்து நிற்பது கடலுக்குள் போவதற்காக. போகாமலே கரையில் நின்று பொழுதைக் கழிப்பதற்காக அன்று. நல்ல வாய்ப்புக்காகப் பந்தைச் சுற்றவிடும் அணியை 30 விநாடி தண்டிக்காது.

இன்னொரு மறுப்பு உண்டு. அதற்கு என்னால் எளிதில் பதில் சொல்ல முடியவில்லை. எங்கள் ஊர்ப் பக்கம் எங்கும் மணல். மணலில் பந்து எழும்பாது. தட்டிச் செல்லப் பழக முடியாது. சிமெண்டுத் தளம் உள்ள பள்ளிக்கு மாணவிகள் வந்த பிறகுதான் அதைக் கற்கிறார்கள். தளமே இல்லாத பள்ளியும் போட்டிக்கு வருகிறது. வலிமையான அணியிடம் 60–4 என்று தோற்காமல் மானத்தோடு வீடு திரும்ப, பந்தைப் பிடித்து வைப்பது ஒன்றே அந்தப் பிள்ளைகளின் ஆயுதம். அதையும் பறிப்பது நியாயமா? போர்ட் வெய்ன் அணி செய்ததும் அதுதானே. ஆகவே புள்ளி வித்தியாசம் 20-ஐத் தாண்டினால் விநாடி எண்ணுவதை நிறுத்திவிடலாம் என்பேன். ஆனால் இந்த ஆயுதத்தையே நம்பியிருப்பதும் நல்லதன்று. 1979 பிப்ரவரியில் வட கரோலினா பல்கலைக்கழக அணி டியூக் அணிக்கு எதிராக முதல் பாதி முழுவதும் பந்தைப் பிடித்து வைத்தது. இடைவேளையில் புள்ளி 7–0. ஒன்றும் எடுக்காதது பிடித்து வைத்த அணி! இரண்டாம் பாதியில் ஒழுங்காக ஆடியபோது 40–40. முதல் பாதியில் விட்ட ஏழு புள்ளியிலேயே தோற்றது.

இந்த ஆண்டு மாலைப் பயிற்சியில் ஒரு மாதம் நாங்களே எண்ணிப் பார்த்தோம். ஒருத்தி ஸ்டாப் வாட்சோடு நின்று, கடைசிப் பத்து விநாடியை உரக்கச் சொல்ல வேண்டும். முதல் வாரம் கூத்துதான். "பத்து" என்றதுமே பந்து வானத்தில் பறந்தது. ஒரு முறை சமையலறைக் கூரை மேல் போய் விழுந்தது. மூன்றாம் வாரத்தில்தான் நான் எதிர்பாராத ஒன்றைக் கண்டேன். முன்பெல்லாம் உயரமான இருவருக்கே பந்து போகும். மற்ற மூவரும் ஓடி ஓடிக் களைப்பார்கள். நேரம் ஓடுகிறது என்று தெரிந்தபின், உயரமானவளை எதிரி மறித்து நிற்க, வேறு வழியின்றிப் பந்து ஒன்பதாம் வகுப்புக் குட்டைப் பெண்ணிடம் வந்தது. அவள் எறிந்தாள். விழுந்ததும் உண்டு, விழாததும் உண்டு. அந்த மாதத்தில் அவள் எறிந்த அளவு, அதற்கு முந்தைய ஓராண்டில் எறிந்திருக்க மாட்டாள். மணலில் ஆடிப் பழகிய எங்களுக்குப் பந்தைக் கை மாற்றுவது நன்றாகவே வரும். அந்தத் திறமைக்கு இப்போதுதான் ஒரு வேலை கிடைத்தது.

ஆகவே என் தாழ்மையான கருத்து இது. 14 வயதுக்குட்பட்டோருக்கு எண்ண வேண்டாம். அவர்கள் பந்தோடு பழகட்டும். 17, 19 வயதுக்குட்பட்டோருக்குக் குறுவட்ட அளவிலிருந்தே 30 விநாடி எண்ண வேண்டும். மாவட்ட அளவுக்குப் போகும்போது 24 ஆகட்டும். மின்சாரப் பலகை எதுவும் தேவையில்லை. உப்புக்காற்றில் இரும்பு வளையமே இரண்டு ஆண்டில் துருப்பிடித்து உதிர்கிறது. மின்பலகை எத்தனை நாள் தாங்கும்? மேசையில் இரண்டாவது ஸ்டாப் வாட்ச் ஒன்று, போட்டியிடும் பள்ளி எதையும் சேராத மாணவி ஒருத்தி, நடுவரின் விசிலோடு குழம்பாமல் இருக்க ஒரு கைமணி. பந்து வளையத்தைத் தொட்டதா இல்லையா என்ற சந்தேகத்தில் நடுவர் சொல்லே முடிவு.

அடுத்த போட்டிக்கு அட்டவணை போட உடற்கல்வி ஆசிரியர்கள் கூடும் நாளில் இதை எடுத்துச் சொல்ல எங்கள் பி.டி. டீச்சர் இசைந்திருக்கிறார்கள். கைமணி பள்ளியிலேயே இருக்கிறது. ஸ்டாப் வாட்ச் ஒன்றுதான் வாங்க வேண்டும். பெற்றோர்–ஆசிரியர் கழகம் மனம் வைக்குமாறு கேட்டுக்கொள்கிறேன்.

— பன்னிரண்டாம் வகுப்பு மாணவி, கூடைப்பந்துக் குழு