பை ஒன்றுக்கு 30 காசு

அன்பளிப்பு என்ற சொல்லைப் பிரித்தால் அன்பும் அளிப்பும் கிடைக்கும். பட்டிமன்ற மேடையில் இதைச் சொன்னால் கைத்தட்டலும் கிடைக்கும். நிறுவனத்தின் கணக்கு ஏட்டிலோ அது விளம்பரச் செலவின் கீழ் வரும் ஒரு வரி. சீனப் புத்தாண்டுக்குச் சிவப்பு உறை, நோன்புப் பெருநாளுக்குப் பச்சை உறை, விளக்குத் திருவிழாவுக்கு மூன்கேக் பெட்டி, தீபாவளிக்கு ஊதா உறையோ துணிப்பையோ, ஆண்டிறுதிக்கு நாட்காட்டி. எல்லாவற்றிலும் நிறுவனத்தின் சின்னம். சிங்கப்பூரில் எந்த வீட்டு இழுப்பறையைத் திறந்தாலும் இவற்றில் நாலைந்து இருக்கும்.

இவ்விதழைப் படிக்கும் மாணவர்களில் பலர் இன்னும் இரண்டு மூன்று ஆண்டுகளில் இத்தகைய நிறுவனம் ஒன்றில் வேலைக்குச் சேர்வீர்கள். உங்கள் பிரிவில் தமிழ் படிக்கத் தெரிந்தவர் பெரும்பாலும் நீங்கள் ஒருவராகவே இருப்பீர்கள். தீபாவளிக்கு மூன்று வாரம் இருக்கும்போது உங்களுக்கு ஒரு படம் வரும். "இது சரியா? இன்று மாலை அச்சுக்குப் போகிறது" என்று கீழே ஒரு வரி இருக்கும். நீங்கள் கணக்காய்வாளராகச் சேர்ந்திருந்தாலும் வரும், பொறியாளராகச் சேர்ந்திருந்தாலும் வரும். என்னுடன் படித்தவர்களில் அநேகமாக எல்லாருக்கும் வந்திருக்கிறது. அந்த மாலை நேரத்தைப் பற்றியதுதான் இக்கட்டுரை. அன்பளிப்புக்கான செலவுத் திட்டத்தில் தமிழுக்கென்று ஒரு தொகையும் சில நாள்களும் ஒதுக்கப்பட வேண்டும். அதைக் கேட்டு வாங்க வேண்டியவர்கள் நாம்தான்.

விளம்பரப் பிரிவில் சில ஆண்டுகள் வேலை செய்தவன் என்ற முறையில், முதலில் அந்தச் செலவுத் திட்டம் எப்படி உருவாகிறது என்று சொல்லிவிடுகிறேன்.

பெரும்பாலும் அது பொருளின் விலையிலிருந்து தொடங்கும். ஒரு கணக்குக்காக 500 துணிப்பைகள், ஒன்று 6 வெள்ளி என்று வைத்துக்கொள்வோம். 3,000 வெள்ளி. மேலதிகாரியின் மனத்தில் பதிவது இந்த எண்தான். அதன் பிறகுதான் மற்றவை வந்து சேரும். ஸ்கிரீன் பிரிண்டிங்கில் ஒவ்வொரு நிறத்துக்கும் தனித் திரை செய்ய வேண்டும் என்பதால் நிறத்துக்கு ஒரு கட்டணம் உண்டு. இரண்டு நிறத்துக்கு 120 வெள்ளி என்று கொள்வோம். கொண்டுவந்து இறக்க 150. பொருள் சேவை வரி 2024 முதல் 9 விழுக்காடு. பதிவுபெற்ற நிறுவனங்கள் அதைப் பெரும்பாலும் திரும்பப் பெற்றுக்கொள்ளும் என்பதால் இங்கே விட்டுவிடலாம். ஆக 3,270 வெள்ளி. நிகழ்ச்சி முடிந்தபின் 120 பைகள் மிச்சம். பையின் மேல் ஆண்டு அச்சாகியிருந்தால் அவற்றை அடுத்த ஆண்டு யாருக்கும் கொடுக்க முடியாது. உண்மையில் 380 பேர் கைக்குப் போன பை ஒவ்வொன்றும் 8 வெள்ளி 60 காசு. ஆண்டை அச்சிடாமல் விட்டிருந்தாலே கணிசமாக மிஞ்சியிருக்கும். ஆனாலும் ஆண்டு போடாத பையைக் கண்டால் நம் நிர்வாகிகளுக்கு ஏனோ மனம் நிறைவதில்லை.

ஏன் 500? குறைந்தபட்ச எண்ணிக்கை என்று ஒன்று இருக்கிறது. 300 வாங்கினால் ஒரு விலை, 500 வாங்கினால் இன்னும் குறைந்த விலை என்று விலைப்புள்ளியில் அடுக்கியிருப்பார்கள். தேவை 350 பேருக்கு இருக்கும். பை ஒன்றுக்கு 40 காசு குறைகிறதே என்று 500க்குப் போய்விடுவோம். அந்தத் துணிப்பை சுற்றுச்சூழலுக்கு நல்லது என்ற சமாதானமும் அரைகுறையானதே. டென்மார்க் சுற்றுச்சூழல் பாதுகாப்பு அமைப்பு 2018இல் வெளியிட்ட ஆய்வின்படி, பருவநிலைத் தாக்கத்தை மட்டும் பார்த்தாலும் சாதாரணப் பருத்திப் பை ஒன்றை ஏறக்குறைய 52 முறை பயன்படுத்தினால்தான் மெல்லிய பிளாஸ்டிக் பைக்கு அது ஈடாகும். உங்கள் வீட்டில் தொங்கும் பைகளில் எது 52 முறை கடைக்குப் போயிருக்கிறது?

இத்தனை வரிகள் உள்ள அந்த அட்டவணையில் மொழிக்கு ஒரு வரி இருந்து நான் பார்த்தது மிக அரிது. கணக்குப் பிரிவு சட்டத்தின் நுணுக்கமெல்லாம் பார்க்கும். ஒருவருக்குத் தரும் பொருளின் அடக்கவிலை 200 வெள்ளியைத் தாண்டினால், அதற்கு உள்ளீட்டு வரியைத் திரும்பப் பெற்ற நிறுவனம் அந்த அன்பளிப்புக்கும் பொருள் சேவை வரி கணக்குக் காட்ட வேண்டும் என்பது அவர்களுக்கு மனப்பாடம். பையின் மேல் அச்சாகும் நான்கு தமிழ்ச் சொற்கள் சரியா என்று பார்ப்பதற்கு மட்டும் ஆளும் இல்லை, நாளும் இல்லை.

என்ன ஆகிறது என்பதை நாம் அனைவரும் பார்த்திருக்கிறோம். 2017ஆம் ஆண்டு தேசிய தின அணிவகுப்புக்கான விளம்பர ஏட்டில் தமிழ் வரி சிதைந்து அச்சானது. ஏற்பாட்டுக் குழு அதற்காக மன்னிப்புக் கேட்டது. நாட்டின் மிகப் பெரிய விழாவுக்கே அப்படி என்றால், தனியார் நிறுவனத்தின் தீபாவளிப் பை எம்மாத்திரம்?

இதில் மொழியறிவைவிடத் தொழில்நுட்பத்துக்குத்தான் பங்கு அதிகம். யூனிகோடில் உயிர்மெய் எழுத்தின் மெய் முதலில் நிற்கும், உயிர்க்குறி அடுத்து வரும். 'பெ' என்பதில் கொம்பைப் பகரத்துக்கு முன்னால் கொண்டுவந்து நிறுத்துவது மென்பொருளின் வேலை. வடிவமைப்பாளரின் அடோபி இல்லஸ்ட்ரேட்டரில் தெற்காசிய மொழிகளுக்கான அமைப்பு முடுக்கிவிடப்படவில்லை என்றால் கொம்பு பின்னாலேயே நின்றுவிடும். 'து', 'கு' போன்றவற்றில் உகரக்குறி எழுத்தோடு ஒட்டாமல் தனியே தொங்கும். 'இனிய தீபாவளி நல்வாழ்த்துகள்' என்ற தொடரில் கொம்பே இல்லை என்பதைக் கவனித்தீர்களா? அதனால்தான் அது 'து' ஒன்றில் மட்டும் அடிபட்டு, ஓரளவு தப்பித்துவிடுகிறது. 'ஒளி பெருகட்டும்' என்று யாராவது ஆசைப்பட்டு எழுதினால் தொலைந்தது. ('வாழ்த்துகளா', 'வாழ்த்துக்களா' என்ற வழக்கை இங்கே நான் எடுக்கப் போவதில்லை. அதற்குத் தனி ஆண்டிதழ் வேண்டும்.)

தமிழ் தெரியாத வடிவமைப்பாளருக்குக் கொம்பு இடம் மாறியது தெரியாது. அச்சகத்தாருக்கும் தெரியாது. உங்களுக்குத் தெரியும். ஆனால் உங்களுக்கு வந்தது சிறிய படம், அதுவும் கடைசி மாலையில். நீங்கள் சரியான தொடரைத் தட்டச்சு செய்து அனுப்புவீர்கள். அவர் அதை வெட்டி அதே மென்பொருளில் ஒட்டுவார். பழைய தவறு போய் அதே இடத்தில் அதே தவறு வரும். பை வந்து இறங்கியபின், "நீங்கள்தானே பார்த்தீர்கள்?" என்ற கேள்வியும் வரும்.

தமிழைச் சரிபார்க்கக் காசு கேட்பதா, இது நாம் மொழிக்குச் செய்யும் தொண்டல்லவா என்று சிலர் கேட்பார்கள். நம் அமைப்புகளில் வளர்ந்தவர்களுக்கு இந்த எண்ணம் இயல்பானது. அதை நான் மதிக்கிறேன். பள்ளிகளில் கதை சொல்லப் போவதும், விடுமுறையில் விவாதப் போட்டி நடத்துவதும் தொண்டுதான். ஆனால் நிறுவனம் விளம்பரத்துக்காகச் செய்யும் செலவில் நாம் இலவசமாகச் சேர்வதைத் தொண்டு என்று சொல்ல எனக்கு மனம் வரவில்லை. காரணம் எளிது. அலுவலகத்தில் எதற்குக் காசு ஒதுக்குகிறார்களோ அதற்குத்தான் தேதியும் ஒதுக்குவார்கள். வடிவமைப்புக்குக் கட்டணம் உண்டு, ஆகவே அதற்கு ஒரு வாரம் உண்டு. மாதிரிப் பைக்குக் கட்டணம் உண்டு, ஆகவே அதற்கு நாள் குறிக்கிறார்கள். தமிழ் இலவசம், ஆகவே அதற்கு ஒரு மாலை.

தொகையும் பெரிதில்லை. மேற்சொன்ன கணக்கில் மொழிபெயர்ப்பையும் மெய்ப்பையும் பார்க்க ஒருவருக்கு 150 வெள்ளி கொடுத்தால் பை ஒன்றுக்கு 30 காசு. தவறாக அச்சாகி மீண்டும் அடிக்க வேண்டி வந்தால் 3,000 வெள்ளி. எந்தக் கணக்காளரும் இந்த இரண்டு எண்களையும் பக்கத்தில் பக்கத்தில் வைத்துப் பார்த்தால் மறுக்கமாட்டார். தமிழ்ப்பற்றைப் பேசி நான் எந்தக் கூட்டத்திலும் வென்றதில்லை, இந்தக் கணக்கைக் காட்டி வென்றிருக்கிறேன். அந்த 150 வெள்ளி உங்களுக்கு வர வேண்டும் என்பதுகூட இல்லை. பகுதிநேரமாக மொழிபெயர்க்கும் பட்டதாரி ஒருவருக்கோ, ஓய்வுபெற்ற தமிழாசிரியர் ஒருவருக்கோ போகட்டும். இயந்திர மொழிபெயர்ப்பு இப்போது நன்றாகத்தான் இருக்கிறது என்பவர்களுக்கும் பதில் இதுவே. சொல் சரியாக வந்தாலும் துணியில் அச்சான கொம்பை அது போய்ப் பார்ப்பதில்லை.

2020 மக்கள்தொகைக் கணக்கெடுப்பில், வீட்டில் அதிகம் பேசும் மொழி தமிழ் என்றவர்கள் 5 வயதுக்கு மேற்பட்ட குடியிருப்பாளர்களில் 2.5 விழுக்காடு. 2010இல் அது 3.3. வீட்டில் தமிழ்ப் புத்தகம் இல்லாத பிள்ளையின் கையிலும் தீபாவளி உறை இருக்கும். அதில் உள்ள நான்கு சொற்களை அது எழுத்துக்கூட்டிப் படிக்கும். தனியே தொங்கும் உகரக்குறியை அது என்னவென்று படிப்பது?

நம் வீட்டையும் சற்றுப் பார்க்க வேண்டும். மாணவர் அமைப்புகளின் வரவு செலவில் டி-சட்டை, நினைவுச் சின்னம், கழுத்துப்பட்டை, பொன்னாடை ஆகியவை எடுத்துக்கொள்ளும் பங்கு எனக்கு எப்போதுமே வியப்பளிப்பது. நாடகத்துக்கு ஒலிவாங்கி வாடகை எடுக்கக் காசில்லை என்போம், செயற்குழுவுக்கு இரண்டு நிறத்தில் சட்டை வாங்கியிருப்போம். ஆதரவு கேட்டு நிறுவனங்களிடம் போகும்போதும் அவர்கள் கிடங்கில் மிச்சம் கிடக்கும் 120 பைகளை மகிழ்ச்சியோடு ஏற்று வருகிறோம். பைக்குப் பதில் அதன் பாதி மதிப்பைப் பணமாகக் கேட்டுப் பாருங்கள். பலர் மறுப்பார்கள், ஏனென்றால் பை சென்ற ஆண்டின் செலவு, பணம் இந்த ஆண்டின் செலவு. சிலர் கொடுப்பார்கள். இன்னொன்றையும் கேட்கலாம்: உங்கள் தீபாவளி அச்சுப் பொருள்களை எங்கள் உறுப்பினர்கள் கட்டணத்துக்குச் சரிபார்த்துத் தருகிறார்கள், அதை ஆதரவாகக் கொடுங்கள் என்று. ஒரு தமிழ் அமைப்பு விற்பதற்கு இதைவிடப் பொருத்தமான சரக்கு எது?

கேட்பதற்கு உரிய காலம் அக்டோபர் அல்ல. இங்கே விநியோகிக்கப்படும் பைகளிலும் குவளைகளிலும் பெரும்பகுதி சீனாவிலிருந்து வருகிறது. அங்கே அக்டோபர் முதல் வாரம் தேசிய விடுமுறை, தொழிற்சாலைகள் மூடியிருக்கும். 2025இல் தீபாவளி அக்டோபர் 20. விடுமுறைக்குப் பின் மாதிரியைத் திருத்தச் சொன்னவர்களுக்கு இரண்டு வாரம்கூட இருந்திருக்காது. 2026இல் நவம்பர் 8, சற்று மூச்சு விடலாம். எப்படியானாலும் ஜூலையில் வாசகம் முடிவாகி, ஆகஸ்டில் அச்சான மாதிரி, படமாக இல்லாமல் துணியாகவே, தமிழ் படிக்கத் தெரிந்த ஒருவர் கைக்கு வர வேண்டும். எழுத்துகளை வடிவமாக மாற்றிய கோப்பு ஒன்றைத்தான் அச்சகத்துக்கு அனுப்ப வேண்டும், யாரும் அதை மறுபடி தட்டச்சு செய்யக்கூடாது. ஜனவரியில் ஆண்டு தொடங்கும் நிறுவனமாக இருந்தால் அந்த 150 வெள்ளியை முந்திய ஆண்டின் நவம்பரிலேயே, செலவுத் திட்டம் கேட்டு மின்னஞ்சல் வரும் அன்றே, எழுதிக் கொடுத்துவிடுங்கள்.