கோட்டுக்குள்ளே கலர் அடிச்சது போதும்



நம்ம பே ஏரியா வாட்ஸ்அப் குழுக்களில் பிள்ளைக்கு மேத்ஸ் கிளாஸ், கோடிங் கிளாஸ், செஸ் கிளாஸ் எங்கே என்று தினமும் யாராவது கேட்கிறார்கள். "நம்ம ஊர் அரசுப் பள்ளியில் ஓவிய டீச்சர் இருக்காங்களா?" என்று கேட்டவரை நான் இதுவரை பார்த்ததில்லை. காசு கொடுத்தால் தனி வகுப்பு கிடைக்கும் என்பதால்தான் இந்த மௌனம். இது வர்க்க மௌனம் என்கிறேன்.

வரலாற்றைப் பாருங்கள். 1942-இல் 16 வயது ரூத் அசாவாவை, ஜப்பானியக் குடும்பம் என்பதற்காகவே, சாண்டா அனிட்டா பந்தய மைதானத்தின் குதிரை லாயத்தில் அடைத்தது அமெரிக்க அரசு. அங்கே அவருக்கு வரையச் சொல்லிக்கொடுத்தவர்கள், கூடவே அடைபட்டிருந்த டிஸ்னி ஓவியர்கள். பின்னாளில் பெரிய சிற்பியான அதே அசாவா, 1968-இல் சான் ஃபிரான்சிஸ்கோவின் அல்வராடோ தொடக்கப்பள்ளியில் இன்னொரு தாயுடன் சேர்ந்து கலைப் பட்டறை தொடங்கினார். பால் அட்டைப்பெட்டியும், மாவும் உப்பும் தண்ணீரும் பிசைந்த களிமண்ணும்தான் பொருட்கள். கலைஞர்களே வகுப்புக்கு வந்தார்கள். பட்டறை பல அரசுப் பள்ளிகளுக்குப் பரவியது.

1978-இல் 13-ஆம் முன்மொழிவு வந்தது. சொத்துவரிக்கு 1 சதவீத உச்சவரம்பு. வீட்டுக்காரருக்கு மட்டுமல்ல, கார்ப்பரேட் கட்டடங்களுக்கும் அதே சலுகை. பள்ளிகளின் கஜானா வற்றியதும் முதலில் வெட்டு விழுந்த இடங்களில் ஓவியமும் இசையும் உண்டு. வசதியான ஊர்களில் பெற்றோர் நிதி திரட்டி டீச்சரை வைத்துக்கொண்டார்கள். மற்ற ஊர்ப் பிள்ளைகளுக்கு ஒண்ணுமில்லை.

2022-இல் மக்கள் 28-ஆம் முன்மொழிவுக்கு வாக்களித்தார்கள். கலைக்கல்விக்கு ஆண்டுக்குச் சுமார் 100 கோடி டாலர். அதில் 30 சதவீதம் ஏழை மாணவர்களின் எண்ணிக்கையை வைத்துப் பிரிக்கப்படுகிறது. மிகச் சிறியவை தவிர மற்ற மாவட்டங்கள் 80 சதவீதத்தை ஆட்களை வேலைக்கு வைக்கவே செலவிட வேண்டும். பழைய செலவை இந்தப் பணத்தால் ஈடுகட்டக் கூடாது என்பதும் சட்டம். அதை மீறியதாக லாஸ் ஏஞ்சல்ஸ் மாவட்டத்தின் மீது 2025-இல் வழக்கே போட்டார்கள். ஆக, கண்காணிக்க ஆள் வேணும்.

"டிராயிங்தானே, இதுக்கா போராட்டம்?" என்பவர்களுக்கு: ஏழு வயசுப் பிள்ளையின் ஐபேடில் விளம்பரமும், காசாவின் இடிபாடும், ஏஐ செய்த போலிப் படமும் ஒரே வேகத்தில் ஓடுகின்றன. எழுத்தை வாசிக்கப் பல வருஷம் சொல்லிக்கொடுக்கிறோம். படத்தை வாசிக்க? பொங்கல் பானை அச்சடித்த தாளைக் கொடுத்து, கோட்டுக்கு வெளியே போகாதே என்கிறோம். நம்ம தமிழ்ப் பள்ளிகளும் இதைத்தான் செய்கின்றன. இது கீழ்ப்படிதலுக்கான பயிற்சி. பிலிப் யெனவைனும் அபிகெயில் ஹவுசனும் உருவாக்கிய முறைக்குக் கலர் பென்சில்கூட வேண்டாம். ஒரு படத்தைக் காட்டி மூன்றே கேள்வி: இங்கே என்ன நடக்குது? எதைப் பார்த்து அப்படிச் சொல்றே? இன்னும் என்ன தெரியுது? ஆதாரம் கேட்கப் பழகும் பிள்ளையை ஏமாற்றுவது கஷ்டம்.

28-ஆம் முன்மொழிவுப் பணம் எங்கே போனது என்று ஒவ்வொரு மாவட்டமும் ஆண்டுதோறும் அறிக்கை வெளியிட்டே ஆகணும். உங்க ஊர் அறிக்கையைத் தேடிப் படியுங்கள். ஃப்ரீமான்ட்டில் இருப்பவர்கள் ஓக்லாந்தின் அறிக்கையையும் படியுங்கள். பள்ளி வாரியக் கூட்டத்துக்குப் போய் மைக்கைப் பிடியுங்கள். நம்ம வீட்டுப் பிள்ளைக்கு மட்டும் ஒரு கிளாஸ் வாங்கிக் கொடுத்துவிட்டு, சமத்துவம் பேசாதீர்கள்.