பின்னால் உதறினால் கிரவுன் போச்சா?

‘பின்பக்கம் உதறுதா? அப்ப கிரவுன் போச்சு.’ பிக்கப் ஓட்டுகிறவர்களில் இதைக் கேட்காதவர்கள் இருக்க மாட்டார்கள். பட்டறையில் சொல்கிறார்கள், டீக்கடையில் சொல்கிறார்கள், சொன்ன சூட்டோடு ஹவுசிங்கையும் பிரித்துவிடுகிறார்கள். பெரும்பாலான வண்டிகளில் இந்தத் தீர்ப்பு தவறு. நன்றாக ஓடிக்கொண்டிருக்கும் பாகத்தையும் கெடுத்துவிடுகிற தவறு.

பின் ஆக்ஸில் ஹவுசிங்குக்குள் இருக்கும் பல்சக்கரங்களான கிரவுனும் பினியனும் தேய்ந்தால் அவை உதறுவதைவிட ஊளையிடுவதுதான் அதிகம். ஆக்சிலேட்டரை மிதித்தால் ஒரு சுருதி, காலை எடுத்தால் வேறு சுருதி. பல் உடைந்திருந்தால் சீரான இடைவெளியில் ‘டக் டக்’ என்று தட்டும். பினியன் பேரிங் போயிருந்தால், ஃபிளாஞ்சைக் கையால் பிடித்து மேலும் கீழும் அசைக்கும்போதே ஆட்டம் தெரிந்துவிடும். சந்தேகம் தீரவில்லையா, ஆயிலை வடித்துப் பாருங்கள். சாம்பல் நிறத்தில் மைபோல் படிந்திருந்தால் அது வழக்கமான தேய்மானம். விரலில் நெருடுகிற சில்லுகள் வந்தால் பிரிக்கத்தான் வேண்டும்.

‘லோடோடு எடுக்கும்போதுதானே உதறுது? அப்பதானே கிரவுனுக்குப் பாரம்?’ என்பார்கள். கேட்பதற்கு நியாயமாகத்தான் இருக்கிறது. ஆனால் அந்தப் பாரம் கிரவுனுக்கு வந்து சேருமுன் கிளட்ச் தட்டு, புரொப்பல்லர் ஷாஃப்ட், சென்டர் பேரிங், ஜாயிண்ட் கிராஸ் எல்லாவற்றையும் கடந்து வருகிறது. பிறகு ஸ்பிரிங் பட்டையையும் யு போல்ட்டையும் முறுக்கிப் பார்க்கிறது.

ஒட்டன்சத்திரம் சந்தைக்குத் தக்காளி ஏற்றும் ஒருவர் என்னிடம் வந்தார். ‘அண்ணே, ரெண்டு எடத்துல கிரவுன் மாத்தணும்னுட்டாங்க. நீங்களும் ஒருதடவ பாத்துருங்க’ என்றார். வெறும் வண்டியில் ஒன்றுமில்லை. பெட்டிகளை அடுக்கி முதல் கியரில் எடுத்தால் சீட்டுக்கு அடியில் தடதடவென்று உதறும். கொஞ்சம் வேகம் பிடித்ததும் அடங்கிவிடும். கிளட்சை முழுதாக விட்ட பிறகும் உதறல் தொடர்ந்ததால் கிளட்ச் தட்டின் மேல் எனக்குச் சந்தேகம் வரவில்லை. ஆஃப் கிளட்ச்சில் மட்டும் உதறியிருந்தால் அங்கேதான் பார்த்திருப்பேன். பிட்டில் இறங்கி, சென்டர் பேரிங்கைத் தாங்கும் ரப்பரின் மேல் காய்ந்திருந்த சேற்றைச் சுரண்டினேன். ரப்பர் பாதிச் சுற்றுக்குக் கிழிந்து, விரல் உள்ளே போனது. பாரம் ஏறும்போதெல்லாம் ஷாஃப்ட் நடுவில் எழும்பித் துள்ளியிருக்கிறது. பேரிங்கை ரப்பரோடு மாற்றினோம். ஹவுசிங்கில் ஒரு போல்ட்டைக்கூடத் தொடவில்லை, உதறல் நின்றது.

கூடுதல் பாரத்துக்காகப் பட்டை சேர்த்துப் போடுகிறவர்கள் நம்மிடையே ஏராளம். பின்பக்கம் உயர்ந்து ஷாஃப்ட்டின் சாய்வு கூடிவிடுகிறது. சாய்வில் சுழலும் கிராஸ் ஒவ்வொரு சுற்றிலும் இருமுறை வேகம் கூட்டி இருமுறை குறைக்கும். மறுமுனைக் கிராஸ் அதைச் சரிக்கட்ட வேண்டுமானால் இரண்டு கோணமும் ஒத்திருக்க வேண்டும். ஷாஃப்ட்டைக் கழற்றுமுன் கோடு கிழித்துக்கொள்ளாமல், திரும்பப் பூட்டும்போது ஒரு பல் தள்ளிப் பூட்டினாலும் உதறும்.

அறுபதில் போனால்தான் உதறுகிறது என்பவர்களுக்கும் அதே கிரவுனைத்தான் கைகாட்டுகிறார்கள். கணக்குப் போட்டுப் பாருங்கள். பிக்கப் சக்கரம் ஒரு சுற்றுக்கு ஏறத்தாழ 2.3 மீட்டர் உருளும், 60 கி.மீ. வேகத்தில் நொடிக்குச் சுமார் 7 சுற்று. கிரவுன் விகிதம் 4 என்று வைத்துக்கொண்டால் ஷாஃப்ட் நொடிக்கு 29 சுற்று. ஆளையே ஆட்டும் நிதானமான குலுக்கல் என்றால் டயரையும் ரிம்மையும் பாருங்கள். உள்ளங்காலில் கிர்ரென்று ஏறினால் ஷாஃப்ட்டையும் கிராஸையும் பாருங்கள். ஆளில்லாத நேர்ச்சாலையில் அதே வேகத்தில் கிளட்சை மிதியுங்கள். இன்ஜினை மட்டும் அணைக்காதீர்கள். அப்போதும் அதிர்ந்தால் கோளாறு இன்ஜினில் இல்லை.

அடுத்தது, அமெரிக்க வீடியோக்களைப் பார்த்துவிட்டு ஆயிலில் ஒரு புட்டி மருந்து ஊற்றச் சொல்வது. ஃபோர்டு எஃப்-150இல் வந்த டிராக்‌ஷன்-லாக் போன்ற லிமிடெட் ஸ்லிப் டிஃபரன்ஷியலுக்குள் உராய்வுத் தட்டுகள் உண்டு. வண்டி திரும்பும்போது அவை வழுக்க வேண்டும்; ஆயிலில் வழுக்கல் போதாவிட்டால் பிடித்துப் பிடித்து விடும். அந்த உதறலுக்கு அந்தப் புட்டி சரியான மருந்துதான். ஊற்றியபின் மெதுவாக எட்டுப் போட்டு ஓட்டினால் தட்டுகளுக்கிடையே ஆயில் இறங்கும். நம் ஊர் பிக்கப்களில் பெரும்பாலும் இருப்பது தட்டே இல்லாத சாதாரண டிஃபரன்ஷியல். அதில் ஊற்றி என்ன பயன்? அமெரிக்காவிலேயே, ஜெனரல் மோட்டார்ஸ் பிக்கப்களின் ஜி80 லாக்கிங் டிஃபரன்ஷியலுக்கு இந்த மருந்து ஆகாது.

‘பிரிச்சுப் பாத்தா என்ன நஷ்டம்?’ நஷ்டம் உண்டு. கிரவுனுக்கும் பினியனுக்கும் இடையே விடும் பல் இடைவெளி ஒரு மில்லிமீட்டரில் ஐந்தில் ஒரு பங்கைச் சுற்றித்தான். டயல் கேஜ் இல்லாமல், ஷிம்மைக் கண்ணளவில் வைத்துப் பூட்டிய வண்டி, அதுவரை இல்லாத ஊளையோடு வெளியே வரும்.

ஆகவே, ஹவுசிங்கைப் பிரிக்கச் சம்மதிக்குமுன் மெக்கானிக்கைப் பக்கத்தில் உட்காரவைத்து, உதறுகிற அதே லோடோடு ஒருமுறை ஓட்டிக் காட்டுங்கள். எடுக்கும்போதா, திரும்பும்போதா, எந்த வேகத்தில் என்று அவரையே சொல்லச் சொல்லுங்கள். அதைச் சொல்லாதவரிடம் ஸ்பேனரைக் கொடுக்காதீர்கள்.