இணையத்தின் வாயிலில் தமிழ் எங்கே?

பெரம்பலூர், அரியலூர் மாவட்ட ஆட்சியரகங்களின் இணையத்தளங்களில் தமிழ்ப் பக்கங்கள் உள்ளன. ஆனால் அவற்றுள் நுழைதற்குரிய முகவரிகளோ இரண்டிற்கும் ஆங்கில எழுத்திலேயே உள்ளன. வீட்டினுள்ளே தமிழ், வாயிற்பலகையில் அயலெழுத்து! அரியலூர் மாவட்டத்துக் கீழப்பழுவூரை அவ்வெழுத்தில் எழுதிப் பாருங்கள். ழகரத்திற்கு அங்கு எழுத்தேது? ஊர்ப்பெயரே சிதைகின்றது.

'இணையத்திற்கு அரசன் இல்லை. அது எல்லார்க்கும் பொது' என்பர் சிலர். அஃது அறியாமை. அரசுகளும் தனியார் துறையும் குடிமக்கள் அமைப்புகளும் தத்தம் பங்கிற்கேற்பப் பொது நெறிகளையும் முடிவெடுக்கும் முறைகளையும் வகுப்பதே இணைய ஆளுகை என்று 2005-இல் தூனிசு நகரில் கூடிய உலக மாநாடு வரையறுத்தது. அவ்வரையறையில் அரசு உண்டு, வணிகர் உண்டு. மொழியினத்திற்கெனத் தனியிடம் உண்டா?

முகவரியின் இறுதியில் நிற்கும் பெயரை ஒதுக்குவது, 1998-இல் அமெரிக்கக் கலிபோர்னியாவில் நிறுவப்பெற்ற ஐகான் என்னும் அமைப்பு. 2016 அக்தோபர் முதல் நாள்வரை அமெரிக்க வணிகத்துறையின் கண்காணிப்பு அதன்மேல் இருந்தது. அவ்வமைப்பின் இசைவால் 2010-இல் '.இலங்கை', 2011-இல் '.இந்தியா', '.சிங்கப்பூர்' என மூன்று இறுதிப்பெயர்கள் தமிழெழுத்தில் வந்தன. எழுத்து நம்முடையது, பெயரோ மூன்று அரசுகளுடையது! '.தமிழ்' எங்கே?

தனியரசு இல்லாமையே தடை என்று வாளா இருப்போர்க்கு ஒன்று கூறுவோம். எசுப்பானிய ஆட்சிக்குட்பட்ட காத்தலான் மக்கள் தம் மொழி பண்பாட்டின் பெயரால் '.காட்' என்னும் இறுதிப்பெயரை 2005-இலேயே பெற்றனர். வேல்சு, பாசுக்கு, பிரெத்தோன் மக்கள் 2012-ஆம் ஆண்டுச் சுற்றில் கோரிப் பெற்றனர். அவர்கள்தம் தொகை நம்மினும் மிகச் சிறிது. அழுத பிள்ளை பால் குடித்தது. நாமோ அழவும் மறந்தோம்!

2012-இல் இதற்குரிய கட்டணம் 185,000 அமெரிக்கத் தாலர். 2026-ஆம் ஆண்டுச் சுற்றிற்கு 227,000 தாலர். தனியொருவர்க்கு இது பெருந்தொகையே. தமிழ்நாட்டரசுக்கும் உலகெங்கும் வாழும் தமிழர்க்கும் இது பெரிதா? ஒரு விழாப் பந்தலுக்கும் வளைவுகளுக்கும் வாரியிறைப்போர், மொழியின் நிலைத்த உரிமைக்குக் கைவிரிப்பது முறையா?

கங்கைகொண்ட சோழபுரத்திலிருந்து கடல்கடந்து ஆணை செலுத்திய இராசேந்திரனைப் பாடிக்கொண்டே, நம் ஊர்ப்பெயரை நம் எழுத்தில் எழுத அயலார் இசைவுக்குக் காத்திருக்கின்றோம். பழம்பெருமை முகவரி ஆகாது. அரியலூரும் பெரம்பலூரும் முதற்கண் தம் தளமுகவரிகளைத் தமிழெழுத்தில் அமைக்கட்டும். தமிழ்நாட்டரசு '.தமிழ்' கேட்டு முன்வரட்டும்.

தமிழர்களே! கேட்டால்தான் கிடைக்கும், ஒன்றுபட்டுக் கேட்டால் மறுக்கவியலாது. எழுமின்!